குணமானால் இறைவன்; இறந்தால் யார்?

நோயாளி எழுந்து நடந்தால், "ஆண்டவன் செயல்" என்கிறார்கள். எழாமலே மாண்டால், "அவனுக்கு நம்பிக்கை போதவில்லை" என்கிறார்கள். புகழ் விண்ணுக்கு, பழி, படுக்கையில் கிடந்தவனுக்கு! உலகில் எந்த வழக்குமன்றத்திலும் காணக் கிடைக்காத விந்தையான நீதி இது. ஒரு கட்சிக்காரர் எப்போதும் வெல்வார். மறு கட்சிக்காரர் எப்போதும் தோற்பார். தோற்றவரே வழக்குச் செலவையும் கட்டவேண்டும். சில வேளைகளில் அந்தச் செலவு அவருடைய உயிராகவே இருக்கும்.

அருள் மருத்துவம், தெய்வீகச் சிகிச்சை என்ற பெயர்களைக் கேட்டவுடனே, பகுத்தறிவு பேசும் நம் இளைஞர்கள் "பித்தலாட்டம்" என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிட விரும்புவர். அப்படி முடிக்கத் தக்கவையும் உண்டு. கைக்குள் ஒளித்து வைத்த கோழிக்குடலை, நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டி என்று காட்டுபவனைப் பற்றிக் கட்டுரை எழுதத் தேவையில்லை. காவல் நிலையத்தில் ஒரு புகார் எழுதினால் போதும்.

ஆனால், தான் சொல்வதைத் தானே நம்புகிற ஒருவர் வந்தால்? கட்டணம் கேட்காதவர் வந்தால்? அவர் பேச்சைக் கேட்டுச் சிலர் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்ததும் உண்மை, ஓர் இளம்பெண் மாண்டதும் உண்மை என்றால்? அப்போது "பித்தலாட்டம்" என்ற சொல் போதாது. அறத்தின் தராசை எடுத்தாக வேண்டும். அத்தகைய ஒருவரின் வாழ்வையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் புரூனோ குரோனிங். நாடு ஜெர்மனி.

1906-ஆம் ஆண்டு, இன்று போலந்து நாட்டில் உள்ள டான்சிக் நகரில், கொத்தனார் ஒருவரின் ஏழு பிள்ளைகளில் நான்காமவராகப் பிறந்தவர் குரோனிங். கத்தோலிக்கக் குடும்பம், பெரிய படிப்பு இல்லை, கைக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்து பிழைத்தார். 1943-இல் போருக்கு அழைக்கப்பட்டார். சோவியத் நாட்டில் போர்க்கைதியாக இருந்து, 1945 இறுதியில் விடுதலையானார். பிறந்த ஊர் கைவிட்டுப் போயிற்று. அகதியாக மேற்கு ஜெர்மனி வந்து சேர்ந்தார். அவருக்குப் பிறந்த ஆண்மக்கள் இருவர். இருவருமே சிறு வயதில் மாண்டனர். இதை ஏளனத்துக்காகச் சொல்லவில்லை. நோயின் முன் கையற்று நிற்கும் துயரம் எதுவென்று அவரும் அறிந்தவர் என்பதற்காகவே சொல்கிறோம்.

1949 மார்ச்சு மாதம். ஹெர்போர்டு என்னும் நகரில் ஒரு பொறியாளர் வீடு. அவருடைய ஒன்பது வயது மகன் தசை நலிவு நோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தான். குரோனிங் அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டார். சிறுவன் எழுந்து நின்றான், நடந்தான். பெற்றோர் கண்ணீர் பெருக்கினர். செய்தி காட்டுத்தீயாகப் பரவிற்று. சில நாட்களுக்குள் அந்த வீட்டின் முன்னிருந்த திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். முடவர், குருடர், வலிப்புக்காரர், போரில் உறுப்பிழந்தோர் என்று நோயின் படையே திரண்டு வந்ததுபோல் இருந்தது. மே மாதத்தில் நகர அதிகாரிகள் அவர் குணப்படுத்தும் வேலையில் ஈடுபடக்கூடாதென்று தடை விதித்தனர். கூட்டம் கலையவில்லை, பெருகியது.

அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? அவனுடைய முன்னேற்றம் நிலைக்கவில்லை, நோய் மீண்டது. ஆனால் அவன் எழுந்த செய்தி எட்டுத் திக்கும் பறந்ததே, அவன் மீண்டும் விழுந்த செய்தி அந்த வேகத்தில் பறந்ததா? இல்லை. அற்புதத்துக்கு இறக்கை உண்டு. அதன் தோல்விக்குக் கால்கூட இல்லை.

கோடையில் 'ரெவ்யூ' என்னும் படஇதழ் குரோனிங்கைப் பற்றித் தொடர்ந்து எழுதியது. அதன் ஏற்பாட்டில், ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர்களின் பார்வையில் அவர் நோயாளிகளைச் சந்தித்தார். பின்னர் தெற்கே, ரோசன்ஹைம் நகரை அடுத்த டிராபர்ஹோப் என்னும் குதிரைப் பண்ணைக்குச் சென்றார். 1949 செப்டம்பரில் அந்தப் பண்ணை, நோயாளிகளின் திருவிழாத் திடலாயிற்று. நாளொன்றுக்கு முப்பதாயிரம் பேர் வரை கூடியதாக அக்கால ஏடுகள் எழுதின. மேல்மாடியின் முகப்பில் கறுப்புச் சட்டையும் நீண்ட தலைமுடியுமாக அவர் தோன்றுவார். சில சொற்கள் பேசுவார். கூட்டம் அழும், நடுங்கும், சிலர் எழுந்து நிற்பர். வெள்ளித்தாளைச் சுருட்டிச் செய்த சிறு உருண்டைகள் அவர் பெயரால் வழங்கப்பட்டன. அவருடைய தலைமுடியும் நகமும் அவற்றுள் வைக்கப்பட்டிருந்தன என்று செய்திகள் கூறின. பவேரியா மாநிலத்தின் முதலமைச்சர் ஹான்ஸ் ஏகார்டே, இத்தகைய அரிய மனிதரைச் சட்டப்பிரிவுகளைக் காட்டி முடக்கிவிடக் கூடாதென்னும் கருத்துப்படப் பேசினார்!

இங்கே சற்று நிற்போம். இது நடந்தது எந்த நாட்டில்? எழுத்தறியாத காட்டில் அன்று. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் பிறந்த நாடு. எக்சு கதிரைக் கண்ட ராண்ட்கன் பிறந்த நாடு. காண்ட் எழுதிய நாடு. அங்கே வெள்ளித்தாள் உருண்டைக்கு வரிசை நின்றார்கள். படிப்பு வந்தால் மூடநம்பிக்கை தானே போய்விடும் என்று எண்ணி இருப்போர்க்கு, டிராபர்ஹோப் ஒரு பாடம்.

ஏன் நின்றார்கள்? மக்கள் மடையர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, அது விடையாகாது. நான்காண்டுகளுக்கு முன்புதான் அந்நாடு போரில் தோற்றிருந்தது. நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. கிழக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். கால் இழந்தவர், கண் இழந்தவர், கணவனை இழந்தவர், குண்டின் அதிர்ச்சியில் பேச்சையே இழந்தவர் எல்லாரும் வீதிக்கு வீதி இருந்தனர். உடம்பில் காயமில்லாமலே கால் மடங்கிப்போனவர்களும் இருந்தனர்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் முதன்மையானது. அந்நாட்டு மருத்துவம் தன் முகத்தில் தானே கரி பூசிக்கொண்டிருந்தது. நாசி ஆட்சியில், 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் மட்டும் மனநோயாளிகளும் ஊனமுற்றோருமாக 70,000-க்கும் மேற்பட்டவர்களை நச்சுப்புகைக் கூடங்களுக்கு அனுப்பினர். அனுப்பும் தாளில் அடையாளமிட்டவர்கள் யார்? மருத்துவர்கள்! போருக்குப் பின் 1946, 1947 ஆண்டுகளில் நியூரம்பெர்க் நகரில் நடந்த மருத்துவர் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற 23 பேரில் 20 பேர் மருத்துவம் கற்றவர்கள். எவரிடம் உயிரை ஒப்படைக்கிறோமோ அவரே எமனின் கணக்கெழுதியாக இருந்ததைப் பார்த்த மக்கள், வெள்ளை அங்கியைக் கண்டு அஞ்சியதில் வியப்பென்ன? அந்த வேளையில், "பயப்படாதே, உன் நோய் இறைவன் விதித்ததன்று, குணமாகாத நோயே கிடையாது, எல்லா மருத்துவருக்கும் மேலான மருத்துவர் ஆண்டவரே" என்னும் பொருள்பட ஒருவர் பேசினார். மருத்துவம் இழந்துவிட்ட நம்பிக்கை மாடி முகப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, தோழர்களே, அருளாளர் தாமே முளைப்பதில்லை. அறிவு, அறத்தைக் கைவிட்ட நிலத்தில் முளைக்கிறார். இதை மறந்துவிட்டு அருளாளரை மட்டும் சாடுவது, சாக்கடையை அப்படியே விட்டுவிட்டுக் கொசுவைக் கைதட்டிக் கொல்வதைப் போன்றது.

சரி, அவர் போதித்ததென்ன? நேர்மையோடு எடுத்துரைப்போம். உலகெங்கும் இறைவனின் நலமளிக்கும் ஓட்டம் ஒன்று பாய்கிறது. நல்லெண்ணத்தோடு, கையையும் காலையும் பின்னிக்கொள்ளாமல், உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து அமர்ந்தால் அதை வாங்கிக்கொள்ளலாம் என்றார். நோய் தீமையிலிருந்து வருவது. ஆகவே நோயையே நினைத்துக்கொண்டிராதே என்றார். ஓட்டம் உடம்புக்குள் பாயும்போது வலி மிகலாம். அது உடம்பு தூய்மையாவதன் அறிகுறி என்றார். இறைநம்பிக்கை உள்ளவர்க்கு, அல்லது அதை ஏற்க அணியமாக உள்ளவர்க்கே தம்மால் உதவமுடியும் என்றார்.

இவற்றுள் எல்லாமே தீங்கானவை என்று சொல்லமாட்டோம். அமைதியாக உட்கார், அச்சத்தை விடு, நல்லதை எண்ணு என்பவை யாரையும் கொல்லா. பலர்க்கு வலி குறைந்திருக்கும். அச்சத்தாலும் அதிர்ச்சியாலும் மடங்கிய கால், நம்பிக்கை பிறந்தவுடன் நிமிர்வதும் உண்டு. உள்ளத்தின் கட்டு அவிழ்ந்தால் உடலின் கட்டும் அவிழும் என்பது இன்று மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய்கள் பல உண்டு. இறங்கும் வேளையில் யார் கை பிடித்திருந்தாலும் அவருக்கே பெயர் போகும். ஹைடல்பெர்க்கில் அவரைக் கூர்ந்து பார்த்த உளவியலாளர் ஒருவர், இவர் ஏமாற்றுக்காரருமல்லர், அற்புத மனிதருமல்லர், உளவழிச் சிகிச்சைத் திறன் இயல்பாக வாய்த்தவர் என்னும் பொருள்படச் சொன்னார். இருக்கலாம். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நாம் பறிக்கவில்லை.

ஆனால் அந்தப் போதனையைக் கட்டியிருக்கும் முறையைப் பாருங்கள். நோய் தணிந்தால், ஓட்டம் பாய்ந்தது. நோய் மிகுந்தால், உடம்பு தூய்மையாகிறது. நோயாளி மாண்டால், நம்பிக்கை இல்லை. அல்லது தீமை அவரை விடவில்லை. பூ விழுந்தால் எனக்கு வெற்றி, தலை விழுந்தால் உனக்குத் தோல்வி! இப்படி ஆடுபவன் எந்த ஆட்டத்தில் தோற்பான்? எது நடந்தாலும் மெய்யாகிவிடுகிற கொள்கை, எதையும் சொல்லாத கொள்கை. "இந்த மருந்து பயன்படவில்லை" என்று சொல்ல மருத்துவத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அதனால்தான் அது மருந்தை மாற்றுகிறது, நேற்றையதைவிட இன்று மேம்படுகிறது. "இந்த அருள் பயன்படவில்லை" என்று சொல்ல அருள் மருத்துவத்தில் வழியே வைக்கவில்லை. வழி இல்லாத வீட்டில் தீப்பிடித்தால் உள்ளிருப்பவர் கதி என்ன?

அந்தக் கதிக்கு ஆளானாள் ஓர் இளம்பெண். வயது பதினேழு. எலும்புருக்கி நோய் அவள் நுரையீரலைப் பற்றியிருந்தது. 1949-இல் அவள் தந்தை அவளைக் குரோனிங்கிடம் கொண்டுசென்றார். குணமாகிவிடும் என்ற உறுதி கிடைத்தது. அவள் மருத்துவ விடுதிக்குச் செல்லவில்லை. மருத்துவர் சொல்லை ஏற்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்தாள். 1950 டிசம்பர் இறுதியில் மாண்டாள்.

அந்தக் காலத்தை நினைவிற் கொள்ளுங்கள். எலும்புருக்கிக்கு மருந்தே இல்லாத நூற்றாண்டு அன்று அது. ஸ்டிரெப்டோமைசின் 1943-இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அது எல்லார்க்கும் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தவர் எல்லாரும் பிழைக்கவும் இல்லை. ஆனாலும், மூடிக்கிடந்த கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தக் கதவண்டை செல்லவேண்டிய பெண் உள்ளங்கைகளை விரித்து உட்கார்ந்திருந்தாள். மனிதன் நம்பிக்கையோடு பேசினால் மனிதன் உடம்பு சற்றுக் கேட்கும். கிருமிக்குக் காது இல்லை.

வழக்கு வந்தது. குரோனிங் மீது அதற்கு முன்பும் வழக்குண்டு. உரிமம் பெறாமல் மருத்துவம் செய்தல் கூடாது என்னும் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினார் என்ற குற்றச்சாட்டில், 1952-இல் மியூனிக் நகர மன்றம் அவரை விடுவித்தது. இப்போது வந்ததோ பெண்ணின் சாவு பற்றிய வழக்கு. தாம் யாரையும் மருத்துவரிடம் போகாதே என்று தடுத்ததில்லை, அவளே செல்ல மறுத்தாள் என்பது அவர் தரப்பு. அவர் தந்த உறுதிமொழியே அவளை மருத்துவத்திலிருந்து விலக்கிற்று என்பது அரசுத் தரப்பு. 1957-இல் மன்றம் சாவுக்குக் காரணமானார் என்ற குற்றத்திலிருந்து அவரை விடுவித்து, உரிமச் சட்டத்தை மீறியதற்கு 2,000 மார்க் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில், 1958 ஜனவரியில், கவனமின்மையால் சாவு விளைவித்த குற்றத்துக்கு எட்டு மாதச் சிறையும் 5,000 மார்க் தண்டமும் விதிக்கப்பட்டன. சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கும் மேலான மன்றத்தின் தீர்ப்பு வருமுன், 1959 ஜனவரி 26-ஆம் நாள், பாரிசு நகரில் குரோனிங் மாண்டார். வயது 52. வயிற்றில் புற்றுநோய். அறுவை மருத்துவரின் கத்திக்குத் தம் உடலை ஒப்படைத்தும் பிழைக்கவில்லை.

இதைக் கேட்டவுடன் நம் தோழர் சிலரின் இதழோரத்தில் ஒரு புன்னகை அரும்பும். "ஊருக்கு அருள் வழங்கியவர் தமக்கே வழங்கிக்கொள்ள முடியவில்லையே!" என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். ஒரு மனிதன் புற்றுநோயில் துடித்துச் செத்ததைக் கண்டு சிரிப்பது பகுத்தறிவன்று. அது அறிவின் உடை தரித்த குரூரம். மேலும், மருத்துவரும் நோயால் சாகிறார். அதனால் மருத்துவம் பொய்யாகிவிடுமா? அவர் மாண்டது அவருக்கு எதிரான சான்றாகாது. ஆனால் அவர் எங்கே மாண்டார் என்பது ஒரு சான்று. கடைசி நேரத்தில், கத்தியும் மயக்க மருந்தும் கற்றறிந்த கைகளும் உள்ள இடத்தில் அவர் இருந்தார். இருக்கவேண்டியதுதான், அது அவருடைய உரிமை. அதே உரிமை பதினேழு வயதுப் பெண்ணுக்கும் இருந்ததன்றோ? அவருக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் கிடைத்த வாய்ப்பு அவளுக்குப் பதினேழில் கிடைக்கவில்லையே! நம் வழக்கு இவ்வளவுதான்.

இனி, அவர் சார்பில் சொல்லப்படுவனவற்றை ஒவ்வொன்றாக எடுப்போம்.

"அவர் கட்டணம் கேட்கவில்லை" என்கிறார்கள். நல்லது. ஆனால் பணம் வாங்காமல் சொன்னால் தவறான சொல் சரியான சொல்லாகிவிடுமா? கூலி வாங்காமல் ஒருவன் குருட்டு வழி காட்டினால், குழியில் விழுந்தவனுக்குக் கால் முறியாமல் இருக்குமா? பேராசை இல்லாமை ஒரு நற்பண்பு. அறிவின்மைக்கு அது ஈடாகாது. சொல்லப்போனால், பணம் கேட்பவனை மக்கள் ஐயுறுவர். கேட்காதவனிடம் ஐயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவர். ஆகவே அவனுடைய பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

"அவர் உளமார நம்பினார்" என்கிறார்கள். நாமும் ஒப்புக்கொள்வோம். அறத்தின் கடினமான பாடம் இங்கேதான் இருக்கிறது. நல்லெண்ணம் என்பது பொறுப்பின் தொடக்கம், முடிவன்று. பாலத்தின் மீது வண்டியோட்ட ஒருவன் அழைக்கிறான். பாலம் உறுதியானது என்று அவன் உளமார நம்புகிறான், சோதித்துப் பார்க்கவில்லை. வண்டி விழுந்தால், "நான் நம்பினேன்" என்ற சொல் ஆற்றில் போனவர்களை மீட்குமா? நம்புவதற்கு முன் சோதிக்கும் கடமை ஒருவனுக்கு எப்போது வருகிறது? தன் நம்பிக்கையின் விலையைப் பிறர் கொடுக்கப்போகும்போது வருகிறது. உன் நம்பிக்கைக்கு உன் உயிரையே வைக்கிறாயா, அது உன் உரிமை. அடுத்தவர் மகளின் உயிரை வைக்கிறாயா, அப்போது உன் நம்பிக்கை போதாது, சான்று வேண்டும்.

"ஆறுதல் தந்தாரே" என்கிறார்கள். இதுவே வலுவான வாதம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லவில்லையா என்றும் கேட்கலாம். சொன்னார். ஆனால் அவர் வைத்த நிபந்தனையை மறக்கவேண்டாம். நன்மை தந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. குற்றம் சிறிதும் கலவாத நன்மை தரவேண்டும் என்றார். மருத்துவத்தால் ஆவது ஒன்றுமில்லை என்றான பின், சாகும் கிழவியின் கையைப் பற்றி "உன் மகன் வந்துகொண்டிருக்கிறான்" என்பது வேறு. மருந்து இருக்கும்போது பதினேழு வயதுப் பெண்ணிடம் "குணமாகிவிட்டாய்" என்பது வேறு. முதலது போகும் வழிக்கு விளக்கு. இரண்டாவது போகவேண்டிய வழியை அடைக்கும் சுவர்.

மேலும், இந்த ஆறுதலுக்குள்ளே ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. "குணமாகாத நோயே கிடையாது" என்ற சொல்லைக் குணமாகாத நோயாளியின் காதால் கேட்டுப் பாருங்கள். டிராபர்ஹோப் திடலில் சிலர் எழுந்து நடந்தனர். ஏடுகள் அவர்களைப் படம் பிடித்தன. எழாதவர்கள்? நாற்காலியில் வந்து, நாற்காலியிலேயே திரும்பியவர்கள்? அவர்கள் வழியெல்லாம் என்ன எண்ணியிருப்பர்? "எல்லார்க்கும் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? நான் போதுமான அளவு நம்பவில்லையா? என்னிடம் தீமை இருக்கிறதா?" வரும்போது நோய் ஒன்றைத்தான் சுமந்து வந்தார்கள். போகும்போது நோயையும் குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமந்து போனார்கள். முடமான கால் பாவத்தின் அடையாளம் என்று ஒருகாலத்தில் சொன்னார்கள். அந்தப் பழைய தீர்ப்பு, அன்பென்னும் புதிய சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

"மருத்துவரிடமும் மக்கள் சாகவில்லையா?" என்பது கடைசிக் கேள்வி. சாகிறார்கள். மருத்துவர் தவறுகிறார், சிலர் பொருளாசையால் பாழாகின்றனர், நாசி நாட்டில் அவர்களே கொலைகாரராயினர். ஆனால் அந்தக் கொலைகாரரை நியூரம்பெர்க் கூண்டில் ஏற்ற முடிந்ததே, அது எப்படி? அவர்கள் எழுதிய தாள் இருந்தது. செய்ததற்குக் கணக்கு இருந்தது. "நோயாளியின் இசைவின்றிச் சோதனை செய்யாதே" என்னும் விதி அந்த வழக்கின் தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. பொறுப்புக் கேட்கத்தக்க அறிவு அது. பிழை செய்தால் அதன் பெயரால் நிறுத்திக் கேட்கலாம். அருளின் பிழைக்கு எந்தக் கூண்டு? யாரை ஏற்றுவது? அனுப்பியவர் இறைவன், வாங்காதவர் நோயாளி. இடையில் நின்றவரோ வெறும் வாய்க்கால்! வாய்க்காலின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

குரோனிங் மறைந்துவிட்டார், போதனை மறையவில்லை. 1979-இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட நண்பர் வட்டம் இன்று பல நாடுகளில் இயங்குகிறது. உள்ளங்கைகளை விரித்து அமரும் கூட்டங்கள் நடக்கின்றன. சட்டம் தன் கடைசிச் சொல்லைச் சொல்லுமுன் சாவு குறுக்கிட்டுவிட்டது. ஆகவே அந்தக் கேள்வி நம் தலைமுறையின் முன்பும் விடையில்லாமல் நிற்கிறது. நாம் என்ன செய்வது?

இளைஞர்களே! நாளை உங்கள் தெருவிலேயே ஒரு நோயாளி இப்படி ஓர் உருண்டையையோ, கயிற்றையோ, திருநீற்றையோ, தீர்த்தத்தையோ கையில் பற்றிக்கொண்டு கிடக்கலாம். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு "மூடனே" என்று சொல்லத் துடிப்பீர்கள். அப்படிச் செய்தால் உருண்டையும் போகும். நீங்கள் அடுத்துச் சொல்லப்போகும் நல்ல சொல்லும் அதோடு போகும். அச்சத்தில் கிடப்பவன் வாதத்தைத் தேடவில்லை. ஒரு கையைத் தேடுகிறான். அருளாளர் கை கொடுத்தார். நாம் வாதம் மட்டும் கொடுத்தால் அவன் யாரிடம் போவான்? அவனுடைய ஒரு கையில் உருண்டை இருக்கட்டும். மறு கையை நாம் பற்றிக்கொள்வோம். மருத்துவமனைக்கு வண்டி பிடித்துக் கொடுப்போம். வரிசையில் அவனுக்காக நாம் நிற்போம். மருத்துவர் விளங்காத சொல்லில் பேசினால் விளங்கும் சொல்லில் எடுத்துரைப்போம். மருந்துக்குக் காசில்லையென்றால் திரட்டுவோம். மருத்துவமனையில் அவனை மாட்டைப்போல் நடத்தினால் அதைத் தட்டிக் கேட்போம். மருத்துவமனை, மனிதனை மனிதனாக நடத்தும் இடமாக இருந்தால் மாடி முகப்புக்குக் கூட்டம் குறையும்.

நோயாளியிடம் இவ்வளவு கனிவு. ஆனால் "மருத்துவரிடம் போகாதே" என்பவரிடம், போகவேண்டியதில்லை என்று எண்ணும்படி உறுதி தருபவரிடம், கனிவு வேண்டாம். அவர் நல்லவராயினும் சரி, பணம் வாங்காதவராயினும் சரி, முதலமைச்சரே புகழ்ந்தவராயினும் சரி. அவரிடம் கேட்பதற்கு நம்மிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அதை எந்த அவையிலும், எந்த மாடத்தின் முன்பும், எத்தனை ஆயிரம் பேர் கூடியிருந்தாலும் கேட்போம்:

"ஐயா! குணமானால் இறைவன் என்கிறீர். இருக்கட்டும். குணமாகாவிட்டால், யார் பொறுப்பு? உம் பெயரை எழுதிக் கையொப்பம் இடுவீரா?"

இடுவேன் என்று சொல்லத் துணிபவர் வரட்டும். அவரோடு மேற்கொண்டு பேசுவோம். துணியாதவர், நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவிலிருந்து விலகி நிற்கட்டும்.